உப்பளத்து வானில் ஒரு பழைய தடம்

மரக்காணத்தில் உப்பு வாருவது வெயில் காலத்துத் தொழில். ஐப்பசி மழை இறங்கியதும் பாத்திகளில் நன்னீர் கலந்துவிடும், வேலை நின்றுபோகும். ஆட்கள் உப்பளத்தை விட்டுக் கரையேறும் அதே நாட்களில் வேறொரு கூட்டம் அங்கே வந்து இறங்குகிறது. வட ஆசியாவிலிருந்து வரும் உள்ளான்கள், வாத்துகள், அவற்றோடு பூநாரைகள், கூழைக்கடாக்கள். தமிழகக் கரையில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரியான கழுவேலி ஊரை ஒட்டியே கிடக்கிறது. எடையன்திட்டுக் கழிமுகம் வழியாக அது கடலைத் தொடுகிறது. ஏரிக்கும் உப்பளத்துக்கும் கடலுக்கும் இடையே இந்தப் பறவைகள் போய்வரும் தடம், மனிதன் பறக்கக் கற்பதற்கு வெகுகாலம் முன்பே விழுந்துவிட்டது.

மனிதன் பறந்த இரண்டு ஆண்டுக்குள் மோதலும் வந்தது. 1905 செப்டம்பர் 7 அன்று, ஓஹியோவின் சோள வயல்களுக்கு மேலே ஆர்வில் ரைட் ஓட்டிய விமானத்தில் ஒரு பறவை அடிபட்டு இறந்தது. எழுத்தில் பதிவான முதல் பறவை மோதல் அதுதான். அடுத்த ஏழு ஆண்டுக்குள் மனித உயிரும் போனது. அமெரிக்காவை ஒரு கரையிலிருந்து மறுகரை வரை முதன்முதலில் பறந்து கடந்த கேல் ராட்ஜர்ஸ், 1912 ஏப்ரல் 3 அன்று லாங் பீச்சில் விழுந்து இறந்தார். விமானத்தின் கட்டுப்பாட்டுக் கம்பிகளில் ஒரு கடற்காகம் சிக்கியிருந்தது. அதுவும் கடற்கரைதான்.

சென்னைப் பக்கத்தில் பறக்கும் பயிற்சி 1930இல் மெட்ராஸ் ஃபிளையிங் கிளப்போடு வேர்விட்டது. 1954இல் விமானப்படையின் பயிற்றுநர் பள்ளி தாம்பரத்துக்கு வந்தது. வடக்கே தாம்பரம், தெற்கே புதுச்சேரி விமான நிலையம், இரண்டுக்கும் நடுவே கழுவேலி.

பயிற்சி விமானத்துக்கு ஆபத்து ஏன் கூடுதல்? மாணவர் ஏறி, வட்டமடித்து, தரையைத் தொட்டு, மறுபடி ஏறுகிறார். ஒரே காலையில் பலமுறை இப்படி நடக்கும். அந்த வட்டத்தின் உயரம் ஏறக்குறைய ஆயிரம் அடி, பறவைகள் மிகுதியாக உலவுவதும் அந்த உயரத்துக்குள்தான். பெரிய பயணிகள் விமானத்தின் முன்கண்ணாடி 1.8 கிலோ பறவை மோதினாலும் தாங்க வேண்டும் என்று சான்றிதழ் விதி கேட்கிறது. இரண்டு பேர் அமரும் சிறு விமானத்துக்கு அந்தச் சோதனையே இல்லை. கூழைக்கடாவோ 4 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. இயந்திரம் இரண்டு இருந்தாலும் நிம்மதி இல்லை: 2019 நவம்பரில் கோவாவில் பயிற்சிக்குப் புறப்பட்ட கடற்படையின் மிக்-29கே பறவைக் கூட்டத்தில் சிக்கி விழுந்தது. விமானிகள் இருவரும் குதித்துத் தப்பினர்.

விமானதளத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் விலங்குகளை அறுக்கவோ குப்பை கொட்டவோ கூடாது என்கிறது 1937ஆம் ஆண்டு விமான விதிகளின் 91ஆவது விதி. 1980களில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இந்திய விமானதளங்களில் நடத்திய ஆய்வும் இறைச்சிக் கழிவையும், அதைத் தேடி வரும் பருந்து, கழுகுகளையுமே பெரிதாகச் சுட்டியது. ஊர்க் குப்பையை அகற்றினால் பருந்து விலகும். கழுவேலிக்கு அந்த மருந்து பலிக்காது. இங்கே பறவையை இழுப்பது குப்பை அல்ல. ஆழமில்லாத நீரும், சேறும், அதில் ஊறும் புழுவும் மீனும்தான். அவற்றை அகற்ற முடியாது, அகற்றவும் கூடாது.

2021 டிசம்பரில் கழுவேலியின் 5,151 ஹெக்டேர் பறவைகள் சரணாலயமானது. 2024இல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. ஆகவே விலகிப் போக வேண்டியது விமானம்தான். ஐப்பசி முதல் மாசி வரை இந்தக் கரைமேல் தாழப் பறப்பதைப் பயிற்சிப் பள்ளிகள் தவிர்க்கட்டும். ஆண்டுதோறும் வனத்துறை எடுக்கும் பறவைக் கணக்கு, விமானம் ஏறும் முன் மாணவர் விரித்துப் பார்க்கும் வரைபடத்தில் இடம்பெறட்டும். பறவை எந்த மாதம் வரும், எந்த வேளையில் கிளம்பும் என்று உப்பளத்து ஆட்களுக்குத் தெரியும். அவர்களிடமும் கேளுங்கள்.