கொம்பியேன் கன்னியர்: நினைவுகூரலும் வர்க்கமும்

இறந்தோரை நினைவுகூர்தல் வெறும் சமயக் கடமையாக மாத்திரம் நின்றுவிடுவதில்லை. யார், யாரை, எக்காலத்தில், எதன்பொருட்டு நினைவுகூர்கின்றனர் என்பது வரலாற்றாய்வுக்குரிய வினாவாகும். 1794ஆம் ஆண்டு ஜூலை 17ஆந் திகதி பாரிஸில் கில்லட்டினுக்கு இரையான கொம்பியேன் கார்மேல் மடத்தார் பதினாறு பேரின் நினைவு இவ்வகையில் நமது கவனத்துக்குரியது. பிரெஞ்சுப் புரட்சியை மானுட விடுதலையின் மைல்கல்லாகக் கொள்ளும் நமக்கு இஃது எளிதான பொருளன்று.

பிரெஞ்சுத் திருச்சபை நிலமானிய அமைப்பின் பெருந்தூண்களுள் ஒன்றாக விளங்கியது. 1789 நவம்பரில் அதன் சொத்துக்கள் தேசவுடைமையாக்கப்பட்டன. 1790 பெப்ரவரியில் துறவு வாக்குறுதிகள் சட்ட வலு இழந்தன. 1792 செப்டெம்பரில் மடத்தினின்றும் வெளியேற்றப்பட்ட கன்னியர், நகரினுள் சிறு குழுக்களாகப் பிரிந்து தமது செப வாழ்வைத் தொடர்ந்தனர். 1794 ஜூனில் அவர்கள் கைதாயினர். அம்மாதம் 10ஆந் திகதி நிறைவேறிய சட்டம், புரட்சி நீதிமன்றில் நிற்போருக்கு வழக்கறிஞர் உதவியை மறுத்து, மரணத்தையே ஒரே தண்டனையாக்கியிருந்தது. கன்னியர் இறந்து பத்தாம் நாள் ரொபெஸ்பியரின் ஆட்சியும் வீழ்ந்தது.

இப்பதினாறு பேரும் ஒரே நிலையினரல்லர். பதினொருவர் செபகீதங்களைப் பாடும் கன்னியர். மூவர் மடத்தின் உடலுழைப்புக்குரிய சகோதரிகள். இருவர் வெளிவேலைகளைக் கவனித்த உடன்பிறந்த பணிப்பெண்கள். மடத் தலைவியின் சீதனத்தை வழங்கியவர் மரீ அந்துவானெத். அரசகுலத்துடன் மடத்துக்கிருந்த உறவை இஃது உணர்த்தும். ஆயின் துறவு வாக்குறுதி எதனாலும் கட்டுண்டிராத அப்பணிப்பெண்கள் இருவரும் உடன்சென்று மடிந்தமையை அரச விசுவாசம் என்னும் ஒற்றைச் சொல்லால் விளக்கிவிட முடியாது.

நினைவு எவ்வாறு பேணப்பட்டது? கைதின்போது பாரிஸில் இருந்தமையால் உயிர்தப்பிய மரீ என்னும் கன்னியர் எழுதிய குறிப்புகள் 1836இல் அச்சேறின. மற்றொரு சான்று துணியாலானது. கன்னியர் சாதாரண உடைகளைத் துவைக்கப் போட்டிருந்த வேளையிலேயே பாரிஸுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். விட்டுச்சென்ற உடைகள் அதே சிறையிலிருந்த ஆங்கிலேய பெனடிக்ற் கன்னியருக்குக் கிடைத்தன. 1795இல் அவர்கள் அவற்றை அணிந்தே தாயகம் மீண்டனர்.

உடல்கள் பிக்பூஸ் குழிகளில் இடப்பட்டன. அங்குப் புதைக்கப்பட்ட 1,306 பேருள் 702 பேர் சாதாரண மக்கள். எனினும் அந்நிலத்தைப் பின்னர் வாங்கியோர் பிரபு குடும்பத்தினர். அருகிலுள்ள மயானத்தில் இடம்பெற்றோரும் அத்தகையோரே. பெரும்பான்மையினரான ஏழைகளுக்குத் தேவாலயச் சுவரிற் பொறித்த பெயர்களே எஞ்சின.

திருச்சபையையும் அரசையும் பிரித்த 1905ஆம் ஆண்டுச் சட்டத்தின் மறு ஆண்டிலேயே கன்னியருக்கு முத்திப்பேறு பட்டம் வழங்கப்பட்டமை தற்செயல் என நாம் கருதவில்லை. 1931இல் கெர்ட்றூட் ஃபொன் லெ ஃபோர்ட் எழுதிய குறுநாவலும், அதனைத் தழுவி 1949இல் வெளியான பெர்னானோஸின் நாடகமும், 1957இல் அரங்கேறிய பூலாங்கின் இசைநாடகமும் அவர்களை உலகறியச் செய்தன. அவற்றின் மையப் பாத்திரமோ, கற்பனையிற் பிறந்த பிரபுகுலப் பெண். உண்மையில் மடிந்த பணிப்பெண்கள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டனர். 2024 டிசெம்பரில் பதினாறு பேரும் புனிதர்களாயினர்.

புரட்சியின் நியாயத்தை இம்மரணங்கள் இல்லாதொழிப்பதில்லை. ஆயின் அந்நியாயம் இம்மரணங்களை நியாயப்படுத்துவதுமில்லை. வாதாடும் உரிமையைப் பறித்த மன்று, தான் காக்கப் புறப்பட்ட மக்களையே பெரிதும் பலிகொண்டது என்பதற்கு பிக்பூஸ் சுவர் சாட்சி. முற்போக்காளர் இது குறித்து மௌனஞ் சாதிப்பின், அந்நினைவு முழுவதும் புரட்சியை வெறுப்போரின் உடைமையாகிவிடும். துணி துவைத்த கைகளின் பெயர்களையும் சேர்த்துச் சொல்வது நமது கடனாகும்.