கைத்தொலைபேசி ‘அடிமைத்தனம்’: அளவுகோல் யாருடைய மொழியில் கேட்கிறது?

உடுப்பிட்டியில் அடுத்தடுத்த இரண்டு வீடுகளை நினைத்துக்கொள்வோம். ஒன்றில் ஒரு தாய் தனியாக இருக்கிறார். மகன் கனடாவில், மகள் பிரான்சில். கைத்தொலைபேசி தலையணைக்குப் பக்கத்திலேயே கிடக்கும். இரவில் இரண்டு தரம் எழும்பி வட்ஸ்அப் பார்ப்பார். சார்ஜ் இறங்கினால் அந்தரப்படுவார். மற்ற வீட்டில் பதினைந்து வயதுப் பொடியன். விடிய விடிய கேம் விளையாடுகிறான், காலையில் பாடசாலைக்கு எழும்ப மறுக்கிறான், போனைப் பறித்தால் தட்டை எறிகிறான்.

இருவரிடமும் ஒரே வினாக்கொத்தைக் கொடுத்தால் இருவருக்கும் ஏறத்தாழ ஒரே புள்ளி வரக்கூடும். ஆனால் இருவருக்கும் இருப்பது ஒரே பிரச்சினை அல்ல. கைத்தொலைபேசிப் பாவனையை அளக்கும் முயற்சிகள் எல்லாம் முட்டி நிற்கும் இடம் இதுதான்.

அளவுகோல்கள் எங்கிருந்து வந்தன?

இத்துறையில் முன்னோடியாகக் கருதப்படுவது, 2005இல் அவுஸ்திரேலியாவில் பியாங்கி, பிலிப்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட 27 கூற்றுகள் கொண்ட அளவுகோல். இன்று பரவலாகப் பயன்படுவது 2013இல் தென்கொரியாவில் உருவான குறும்படிவம். அதில் 10 கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 6 வரை புள்ளி. திட்டமிட்ட வேலை தவறுகிறதா, கழுத்தும் மணிக்கட்டும் நோகிறதா, போன் கையில் இல்லாவிட்டால் பொறுமை போகிறதா என்ற வகையில் அது கேட்கும். ஆண் பிள்ளைகளுக்கு 31, பெண் பிள்ளைகளுக்கு 33 என எல்லை வகுத்தார்கள். அந்த எல்லை 540 கொரிய மாணவர்களின் பதில்களிலிருந்து பிறந்தது என்பதை மறக்கக்கூடாது.

‘கைத்தொலைபேசி அடிமைத்தனம்’ என்று ஒரு நோயை உலக சுகாதார நிறுவனம் இன்னும் ஏற்கவில்லை. 2019இல் ஏற்கப்பட்டு 2022இல் நடைமுறைக்கு வந்த அதன் நோய் வகைப்பாட்டில் இருப்பது விளையாட்டுச் சீர்குலைவு, அதாவது கேம்களைக் கட்டுப்படுத்த முடியாமற்போதல். ஆகவேதான் பல ஆய்வாளர்கள் ‘அடிமை’ என்ற சொல்லைத் தவிர்த்து, ‘பிரச்சினைக்குரிய பாவனை’ என்கிறார்கள்.

மொழிபெயர்த்தால் போதுமா?

ஓர் அளவுகோலை வேறு மொழிக்குக் கொண்டுபோக ஒரு முறை உண்டு. ஒருவர் மொழிபெயர்ப்பார். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதை மறுபடி மூலமொழிக்கு மாற்றுவார். இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்தி, சிறு குழுவிடம் கேட்டுப் பார்த்து, பிறகே பெரிய ஆய்வுக்குப் போவார்கள். அதன் பின்னும் ஒரு சோதனை இருக்கிறது: இரண்டு மொழிக்காரரும் அந்தக் கேள்வியை ஒரே பொருளில்தான் விளங்கிக்கொண்டார்களா என்பதைப் புள்ளிவிபரத்தால் உறுதிசெய்ய வேண்டும். 2018இல் ஐரோப்பாவின் எட்டு மொழிகளில் ஒரு வினாக்கொத்தை இப்படிச் சோதித்தார்கள்.

தமிழில் சிக்கல் சொல்லிலேயே தொடங்குகிறது. எங்கள் வைத்தியர்கள் ‘பதகளிப்பு’ என்று எழுதுவார்கள். ஊரில் ‘அந்தரமாக் கிடக்கு’ என்போம். சென்னை வாசகருக்கு ‘அந்தரம்’ ஆகாயத்தில் தொங்குவது. அவர் ‘பதற்றம்’ என்பார். ரொறன்ரோவில் பிறந்த பிள்ளைக்கு மூன்றுமே அந்நியமாக இருக்கலாம். ஒரே தமிழ்ப் படிவம் மூன்று ஊருக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

2022இல் 24 நாடுகளின் தரவுகளைச் சேர்த்த பகுப்பாய்வொன்று அந்தக் கொரியக் குறும்படிவத்தின் புள்ளிகளை ஒப்பிட்டது. சீனாவும் சவூதி அரேபியாவும் மேலே, ஜேர்மனியும் பிரான்சும் கீழே. இதில் எவ்வளவு பாவனையின் வித்தியாசம், எவ்வளவு கேள்வி விளங்கிய விதத்தின் வித்தியாசம் என்பதைப் புள்ளி மட்டும் சொல்லாது. 2019இல் பிரித்தானிய ஆய்வாளர்கள் இப்படியான பத்து அளவுகோல்களை, போனே பதிவுசெய்த பாவனை நேரத்தோடு ஒப்பிட்டார்கள். தொடர்பு பலவீனமாகவே இருந்தது.

போர் கண்ட ஊரில் அதே கேள்வி

‘போன் இல்லாவிட்டால் பதறுவீர்களா?’ என்ற கேள்வி சியோலில் ஒரு மாணவனின் பழக்கத்தைத் தொடலாம். வடமராட்சியில் அது வேறொன்றைத் தொடுகிறது. 1987 மே மாத இராணுவ நடவடிக்கையையும், 2006 ஓகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டதையும், தொடர்பு அறுந்த நாட்களையும் கண்ட சனத்துக்கு, அழைப்பு வராதது என்றால் என்ன என்பது தெரியும். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் தாய் தெரியாத இலக்கத்திலிருந்து வரும் அழைப்பையும் தவறவிடமாட்டார். அதைப் பழக்கக் கோளாறு என்று எப்படி எழுதுவது?

‘பாவனையை மற்றவர்களிடம் மறைத்தீர்களா?’ என்றும் சில படிவங்கள் கேட்கும். சோதனைச்சாவடிகளைக் கடந்து வாழ்ந்தவர்கள் போனில் உள்ளதை மறைக்கப் பழகியது வேறு காரணத்துக்காக. வினாக்கொத்தோடு வருபவரையும் சனம் பார்க்கும். பதிவு, விசாரணை, நிவாரணம் என்று எத்தனையோ படிவம் நிரப்பியவர்கள், உண்மையான பதிலை விடப் பாதுகாப்பான பதிலைத் தேடக்கூடும்.

இங்கேயே கற்ற பாடம்

இந்த எச்சரிக்கை எங்களுக்குப் புதிதல்ல. 2009 யூலை முதல் செப்டெம்பர் வரை யாழ். மாவட்டத்தில் நடந்த ஆய்வொன்று, சர்வதேச வினாக்கொத்துகளைக் கொண்டு, 7 வீதமானோருக்குப் பின்னதிர்ச்சி நோயும், 32.6 வீதமானோருக்குப் பதகளிப்பும், 22.2 வீதமானோருக்கு மனச்சோர்வும் இருப்பதாகக் கண்டது. அந்த எண்கள் பெறுமதியானவை. ஆனால் 2012இல் வெளியான இன்னோர் ஆய்வு ஒரு படி மேலே போனது. போரால் பாதிக்கப்பட்ட தமிழர்கள் தங்கள் துன்பத்தைத் தாங்களே விபரித்த விதத்திலிருந்து எழுந்த கேள்விகளையும் சேர்த்துக் கேட்டார்கள். மேற்கத்திய அளவுகோல்கள் தனியே சொன்னதை விட, நாளாந்த வாழ்க்கை எவ்வளவு முடங்கியிருக்கிறது என்பதை அது கூடுதலாகக் காட்டியது. கைத்தொலைபேசிக்கும் அந்த வழியே பொருந்தும்.

படிவம் கைக்கு வந்தால்

பாடசாலையிலோ நிறுவனமொன்றின் மூலமோ இப்படி ஒரு வினாக்கொத்து வந்தால் மூன்று விடயம் கேளுங்கள். இது எந்த நாட்டில், எந்த வயதினருக்காகச் செய்யப்பட்டது? தமிழில் எங்கள் சனத்திடம் சோதிக்கப்பட்டதா? புள்ளி வந்த பிறகு யார் பிள்ளையோடு இருந்து கதைப்பார்? புள்ளி ஒரு சந்தேகத்தைக் காட்டும். அது நோய் நிர்ணயம் ஆகாது.

வீட்டில் பார்க்க வேண்டியது மணித்தியாலக் கணக்கை மட்டும் அல்ல. நித்திரை, சாப்பாடு, படிப்பு, கூட்டாளிமார் ஆகியவற்றில் எதை அந்தப் போன் பறித்திருக்கிறது? மாதக்கணக்காக அது தொடர்கிறதா? அந்தப் பொடியனுக்கு உதவி தேவை. அடியும் ஏச்சும் உதவி ஆகாது. ஆதார வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாடலாம், அல்லது தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

அந்தத் தாய்க்கும் உதவி தேவைப்படலாம். ஆனால் அவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ‘எவ்வளவு நேரம் போன் பார்க்கிறீங்கள்?’ என்பதல்ல. ‘ஆற்றை கோலுக்காகக் காத்திருக்கிறீங்கள், அம்மா?’ என்பதுதான்.