இடது காலுக்கு விடுதலை

மோட்டார் கார் ஓட்டுவதற்கு மனிதனுக்கு எத்தனை கால் வேண்டும்? இரண்டு போதும் என்று சட்டென்று சொல்லிவிடுவோம். ஆனால் பழைய காரில் உட்கார்ந்து கீழே பார்த்தால், கிளச், பிரேக், ஆக்ஸிலரேட்டர் என்று மூன்று பெடல்கள் நம்மைப் பார்த்துச் சிரிக்கும். மேட்டில் நின்றுவிட்ட வண்டியைக் கிளப்பும்போது, பிரம்மதேவன் இன்னும் ஒரு காலைக் கொடுத்திருக்கக் கூடாதா என்றுகூடத் தோன்றும்.

இந்தச் சங்கடத்துக்குக் காரணம் பெட்ரோல் எஞ்சினின் சுபாவம். மெதுவாகச் சுழலும்போது அதற்கு வலு இல்லை. நின்ற நிலையிலிருந்து இழுக்கவோ முடியவே முடியாது. ஆகையால் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் கியர்ப் பெட்டி என்ற தரகர் ஒருவர் வேண்டியிருக்கிறார். ஆரம்ப காலத்தில் இந்தத் தரகரைச் சமாதானப்படுத்துவதே டிரைவரின் பெரும்பாடு. கியரைக் குறைக்க வேண்டுமானால் கிளச்சை ஒரு முறை மிதித்து விட்டு, எஞ்சினை உறுமச் செய்து, மறுபடியும் மிதித்துப் பல்லோடு பல்லைப் பொருத்த வேண்டும். கணக்குத் தப்பினால் தெருவே திரும்பிப் பார்க்கும்படி பெட்டி ஓலமிடும்.

ஹென்றி போர்டு 1908-ல் வெளியிட்ட 'மாடல் டி' காரில் இந்த ஓலம் இல்லை. அதன் பற்சக்கரங்கள் எப்போதும் கூடியே இருந்தன. கியர் மாற்றுவது இடது காலின் வேலை. 1927 வரையில் ஒன்றரைக் கோடிக்கு மேல் அந்தக் கார்கள் விற்பனையானதற்கு மலிவான விலை மட்டுமல்ல, இந்தச் சௌகரியமும் ஒரு காரணம் என்று கொள்ளலாம்.

மற்றக் கார்களுக்கு வழி காட்டியவர் ஏர்ல் தாம்ஸன் என்ற அமெரிக்கர். பற்கள் கூடுவதற்கு முன்பே இரு சக்கரங்களின் வேகத்தையும் சமப்படுத்தும் 'சிங்க்ரோமெஷ்' முறை அவருடையது. 1928-ல் காடிலாக் கார்களில் அது வந்தது. கியர் மாற்றுவது சுலபமாயிற்று. இதில் வேடிக்கை என்னவென்றால், கியர் மாற்றுவதைச் சுலபமாக்கிய அதே தாம்ஸன்தான் பிறகு ஜெனரல் மோட்டார்ஸில் அந்த வேலையே இல்லாமல் செய்யும் முயற்சிக்கும் தலைமை வகித்தார்.

1939 இறுதியில், 1940-ம் வருஷத்து ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் 'ஹைட்ரமாட்டிக்' வெளிவந்தது. தனி விலை 57 டாலர். இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றைச் சுழல விட்டால், அதன் காற்றில் மற்றொன்றும் சுழலும் அல்லவா? இங்கே காற்றுக்குப் பதில் எண்ணெய். வண்டியின் வேகத்தையும் ஆக்ஸிலரேட்டர் அழுத்தத்தையும் பார்த்து, நான்கு கியர்களும் தாமே மாறிக்கொண்டன. கிளச் பெடல் மாயமாய் மறைந்தது.

கியர் மாற்றுவதில் தேர்ந்தவர்களுக்கு இது சோம்பேறிகளின் வண்டியாகத் தோன்றியதில் வியப்பில்லை. கஷ்டப்பட்டுக் கற்ற வித்தையை ஒரு பெட்டி செய்துவிட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்?

ஆனால் யுத்தம் வந்தது. 1942-ல் அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கான கார் உற்பத்தி நின்றது. ஹைட்ரமாட்டிக் மட்டும் நிற்கவில்லை. எம்5 என்ற இலகுரக டாங்கியில் இரண்டு காடிலாக் எஞ்சின்களோடு சேர்ந்து போர்க்களம் சென்றது. சோம்பேறிகளின் பெட்டி சிப்பாய்களின் பெட்டியாயிற்று.

யுத்தம் முடிந்தபோது, காலை இழந்த இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் வீடு திரும்பினார்கள். வீட்டுக்கும் வேலைக்கும் நடுவே இருபது மைல் தூரம் இருக்கக்கூடிய தேசம் அது. இடது கால் இல்லாதவன் கிளச்சை எப்படி மிதிப்பான்? 1946-ல் அமெரிக்கக் காங்கிரஸ், காலை இழந்த வீரர்கள் கார் வாங்க 1,600 டாலர் வரை உதவுவதென்று சட்டம் செய்தது. ஓல்ட்ஸ்மொபைல் கம்பெனியும் அவர்களுக்கென்றே 'வாலியண்ட்' என்ற பெயரில், ஹைட்ரமாட்டிக்கோடு கையால் இயக்கும் சாதனங்களைப் பொருத்திய கார்களை அளித்தது. முன்பு கேலிக்கு இலக்கான பெட்டி, இப்போது ஒருவன் இன்னொருவர் தயவை எதிர்பாராமல் வேலைக்குப் போக வழி செய்தது.

இதனால் அந்தப் பழைய தானியங்கிக் கார்களோடு குடித்தனம் நடத்துவது இன்பமயமாக இருந்தது என்று எண்ணிவிடக் கூடாது. பெட்ரோலை அவை தாராளமாகக் குடித்தன. 1948-ல் வந்த ப்யூக் 'டைனாபுளோ' வெண்ணெயாக வழுக்கிச் சென்றது. ஆனால் கிளம்புவதற்குள் பொறுமை தேய்ந்துவிடும். பெட்டி கெட்டுப்போனால் சாதாரண மெக்கானிக் கையை விரித்துவிடுவார். ஆரம்பகால ஹைட்ரமாட்டிக்கில் வண்டியை நிறுத்திவைக்க, எஞ்சினை அணைத்தபின் லீவரை ரிவர்ஸில் போட வேண்டும். முன்னே போகும் தாழ்ந்த கியருக்குப் பக்கத்திலேயே ரிவர்ஸ்! கை சற்று வழுக்கினால் என்ன ஆகும் என்று நேயர்களே ஊகித்துக் கொள்ளலாம். இரண்டுக்கும் நடுவே நியூட்ரல் இருந்தே தீர வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் 1968-ல்தான் அமலுக்கு வந்தது.

ஆனாலும் ஒரு முறை ஓய்வு கண்ட கால் மறுபடியும் வேலைக்குத் திரும்ப மறுத்தது. 1953 ஆகஸ்டு 12-ம் தேதி மிச்சிகன் மாநிலத்து லிவோனியாவில் இருந்த ஹைட்ரமாட்டிக் தொழிற்சாலை தீக்கு இரையாயிற்று. பழைய கிளச்சைப் பொருத்தி விற்றுவிடலாம் என்று ஜெனரல் மோட்டார்ஸ் இருந்துவிடவில்லை. காடிலாக்கிலும் ஓல்ட்ஸ்மொபைலிலும் ப்யூக்கின் டைனாபுளோவை அவசரமாக வாங்கிப் பொருத்தியது. வாங்குகிறவர்களின் மனம் கம்பெனிக்குத் தெரிந்திருந்தது.

இன்று அமெரிக்காவில் விற்கும் புதுக் கார்களில் கிளச் உள்ளவை நூற்றுக்கு ஒன்றிரண்டுதான். மின்சாரக் காரோ நின்ற நிலையிலிருந்தே இழுக்கிறது. பெரும்பாலும் அதற்குக் கியர் மாற்றும் தரகரே வேண்டியதில்லை. எஞ்சினின் குரலைக் கேட்டு, அது கேட்பதற்கு முன்பே கியரைக் கொடுக்கும் கையும் காதும் அருகி வருகின்றன. அது நஷ்டந்தான். பழைய கார்களை ஆசையோடு வைத்திருப்பவர்கள் அந்த வித்தையைக் காப்பாற்றி வரட்டும். ஆனால் வித்தை தெரிந்தவர்களுக்கு மட்டும் என்று யாரும் ரஸ்தா போடவில்லை. 1946-ல் ஊன்றுகோலைப் பின் ஆசனத்தில் போட்டுவிட்டுக் காரைக் கிளப்பியவனுக்கு அது நன்றாகத் தெரிந்திருக்கும்.