ஊர் மாறிய வீடு

அமெரிக்காவின் வர்ஜீனியாவில், ரிச்மண்ட் நகரில், ஜேம்ஸ் ஆற்றைப் பார்த்தபடி வில்ட்டன் என்ற செங்கல் வீடு நிற்கிறது. அது பிறந்ததும் இதே ஆற்றங்கரையில்தான், ஆனால் இந்த இடத்தில் அல்ல.

புகையிலைப் பண்ணையார் மூன்றாம் வில்லியம் ராண்டால்ஃப் 1753 வாக்கில் அதைக் கட்டினார். பண்ணை சுமார் 2,000 ஏக்கர். வீட்டின் பாணி, பிரிட்டனை ஜார்ஜ் மன்னர்கள் ஆண்ட காலத்தது என்பதால் அதற்கு ஜார்ஜியன் என்று பெயர். வாசல் நட்டநடுவில், ஒரு பக்கம் எத்தனை ஜன்னலோ மறுபக்கமும் அத்தனை. வாசல் முதல் கொல்லைக் கதவு வரை நடுக்கூடம், அதன் இரு பக்கமும் அறைகள். மாடியிலும் அதே கணக்கு.

சுவரைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். ஒரு கல் நீளவாட்டில், அடுத்தது குறுக்குவாட்டில் என்று ஒவ்வொரு வரியும் மாறி மாறி ஓடும். பிளெமிஷ் பாண்டு என்பார்கள். மேல்வரியின் குறுக்குக்கல் கீழ்வரி நீளக்கல்லின் நடுவே உட்கார வேண்டும். ஒரு வரி பிசகினால் சுவர் முழுக்கக் காட்டிக்கொடுத்துவிடும். உள்ளே எல்லா அறைகளுக்கும் தரையிலிருந்து கூரை வரை மரப்பலகை வேலைப்பாடு. துணி வைக்கும் சிற்றறைகளைக்கூட விடவில்லை. கொஞ்சம் பவிசுதான்!

1781 மே மாதம், அமெரிக்க விடுதலைப் போரின் நடுவே, அமெரிக்கர் பக்கம் போரிட்ட பிரெஞ்சுத் தளபதி லஃபாயெத் இங்கே தங்கிப் படை நடத்தினார். 1859-இல் வீடு ராண்டால்ஃப் குடும்பத்தின் கைவிட்டுப் போனது. 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் அழிவின் விளிம்புக்கே வந்துவிட்டது. கொலோனியல் டேம்ஸ் என்ற மாதர் சங்கம் வாங்கி, 1933-இல் பிரித்தெடுத்து, ஏறத்தாழ 15 மைல் தள்ளி மறுபடி எழுப்பியது.

பிரித்தபோதுதான் ஒரு பெயர் வெளியே வந்தது. மாடி அறையின் கார்னிஸை, அதாவது சுவரும் கூரையும் சேரும் இடத்து அலங்கார விளிம்பை, தான் பொருத்தியதாக, 1753 என்று ஆண்டும் இட்டு, சாம்சன் டாரில் என்ற தச்சர் எழுதிவைத்திருந்தார். வீடு இடம்பெயராமல் இருந்திருந்தால் அந்தப் பெயர் பலகைக்குப் பின்னாலேயே கிடந்திருக்கும்.

அந்தப் பண்ணையின் செல்வம் முழுவதும் அடிமைகளின் உழைப்பு. அவர்கள் உழுத வயல் வீட்டோடு வரவில்லை, வரவும் முடியாது. கட்டடக் கலையைக் காப்பாற்றியதற்காகச் சங்கத்தைப் பாராட்டலாம். ஆனால் புல்வெளி நடுவே தனியாக நிற்கும் வில்ட்டனைப் பார்த்துப் பண்ணை வாழ்க்கை இப்படித்தான் இருந்தது என்று யாராவது சொன்னால், நம்பாதீர்கள்.