மாதொருபாகன் விவகாரம்

கொங்கு நாட்டின் திருச்செங்கோட்டில் 2014 டிசம்பரில் தொடங்கி, 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புவரை நீண்ட கருத்துரிமைப் பிரச்சினை. எழுத்தாளர் பெருமாள்முருகன் 2010இல் வெளியிட்ட ‘மாதொருபாகன்’ நாவல் இதன் மையம். குழந்தையில்லாத காளி, பொன்னா தம்பதியின் வேதனையும், விரும்பும் ஆணும் பெண்ணும் கூட வழக்கம் இடம்தந்ததாக நாவல் சொல்லும் அவ்வூர் அர்த்தநாரீசுவரர் கோயில் தேர்த் திருவிழாவின் பதினான்காம் நாள் இரவும் அதன் கதை.

நான்கு ஆண்டுகள் ஊரில் பெரிய எதிர்ப்பு எதுவும் இல்லை. 2013இல் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. 2014 டிசம்பர் 26 அன்று நாவலைக் கொளுத்தினார்கள். சில பக்கங்களை மட்டும் நகலெடுத்து ஊரெங்கும் கொடுத்தார்கள்; கதையின் முன்பின் தெரியாதவர்களும் கொதித்தார்கள். இந்துத்துவ அமைப்புகளோடு சாதிச் சங்கங்களும் சேர்ந்துகொண்டன. முகம் தெரியாதவர்கள் தொலைபேசியில் ஏசினார்கள். ஜனவரி 9 அன்று கடையடைப்பு.

பெரிய கேடு 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில், அரசு அலுவலகத்திலேயே நேர்ந்தது. மாவட்ட வருவாய் அலுவலர் அமைதிப் பேச்சுவார்த்தைக்கு அழைத்திருந்தார். வருத்தம் தெரிவித்து எழுத்தாளர் தந்த வாசகம் போதாதென்று, நிபந்தனையற்ற மன்னிப்பாக அதை மாற்ற வைத்தார்கள். விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறவும் ஒப்புக்கொண்டு அவர் கையெழுத்திட்டார். மிரட்டலுக்கு ஆளானவரைக் காக்க வேண்டிய நிர்வாகம், அவரைப் பணியவைத்து ஊரை அமைதிப்படுத்தப் பார்த்தது. எழுத்தாளர் பெருமாள்முருகன் இறந்துவிட்டார் என்று அவரே முகநூலில் அறிவித்தார்; பிறகு குடும்பத்தோடு சென்னைக்குப் போனார்.

வாங்கிய அமைதி ஆறு மாதம்கூட நிற்கவில்லை. ஜூனில் அதே கோயிலுக்குத் தோழியுடன் வந்த பட்டியலினப் பொறியியல் பட்டதாரி ஒருவர் கடத்திக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் 2022இல் ஆயுள் தண்டனை பெற்றவர்களில் முதன்மையானவர் ஒரு சாதிப் பேரவையின் தலைவர்.

தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் சார்பில் ச. தமிழ்ச்செல்வன் நாமக்கல் உடன்பாட்டை எதிர்த்து நீதிமன்றம் போனார். தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்யநாராயணா அமர்வு 2016 ஜூலை 5 அன்று தீர்ப்பளித்தது. அந்த உடன்பாடு யாரையும் கட்டுப்படுத்தாது, பிடிக்காத புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடலாம், எழுத்தாளர் உயிர்த்தெழுந்து எழுதட்டும் என்றது அமர்வு.

ஆகஸ்டில் டெல்லியில் பெருமாள்முருகனின் ‘கோழையின் பாடல்கள்’ கவிதைத் தொகுப்பு வெளியானது. தனக்குள் ஒரு தணிக்கையாளர் உட்கார்ந்துவிட்டதாக அங்கே அவர் சொன்னார். அடுத்து வந்த நாவல் ‘பூனாச்சி’, ஒரு வெள்ளாட்டின் கதை. மனிதர்களைப் பற்றி எழுத அஞ்சுவதாக அதன் முன்னுரையில் எழுதியிருக்கிறார்.