அறிகுறியற்ற முன்சிறுகுடற்புண்: வளைகுடா நாடுகளில்

இரைப்பையை அடுத்துத் தொடங்கும் முன்சிறுகுடலின் உட்சுவரில் புண் இருந்தும், அதற்குரிய மேல்வயிற்று வலியோ எரிச்சலோ தோன்றாத நிலை அறிகுறியற்ற முன்சிறுகுடற்புண் எனப்படும். முதியோரிடமும் வலிநீக்கி மாத்திரைகளைத் தொடர்ந்து உட்கொள்வோரிடமும் மிகுதியாகக் காணப்படும் இப்புண், வலிக்கவில்லை என்பதனாலேயே தீங்கற்றது ஆகிவிடாது. முன்சுவரிலுள்ள புண் குடலைத் துளைப்பதும், பின்சுவரிலுள்ளது தமனியை அரித்துக் குருதிப்பெருக்கை உண்டாக்குவதும் முன்னறிகுறி ஏதுமின்றி நிகழக்கூடும்.

ஐக்கிய அரபு அமீரகம் உள்ளிட்ட வளைகுடா நாடுகளில், உடற்பருமனுக்காக இரைப்பையைச் சுருக்கும் அறுவைக்கு முன் எண்டோஸ்கோப்பி செய்யும்போது இது தற்செயலாகத் தென்படுவதுண்டு. புலம்பெயர்ந்து வந்து தொழிலாளர் முகாம்களில் வாழ்வோர்க்கு அந்த வாய்ப்பு அரிது. அவர்கள் வேலைக்குச் செல்லுமுன் செய்துகொள்ளும் மருத்துவச் சோதனை காசநோய், கல்லீரல் அழற்சி, எச்.ஐ.வி. முதலிய தொற்றுகளைத் தேடுகிறதேயன்றிக் குடலைப் பார்ப்பதில்லை. ஆகவே, பெரும்பாலும் இளவயதிலேயே தொற்றி, இப்புண்ணுக்குத் தலையாய காரணமாகும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் நுண்ணுயிர் அவர்களோடு கடல்கடக்கிறது. புகைப்பழக்கமும், முதுகுவலிக்குத் தாமே வாங்கி விழுங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளும் அதற்குத் துணைபோகின்றன. அமீரகத்தின் அல் ஐன் வட்டாரத்துக் குடல்துளைப்பு நோயாளிகளை இனம், தட்பவெப்பம், நோன்பு ஆகிய கோணங்களில் ஆராய்ந்து 2009இல் வெளியான ஆய்வில் இடம்பெற்றோரும் பெரும்பாலும் இளம் ஆண்களே.

பைலோரி கண்டறியப்படுமுன், அமிலக் குறைப்பு மருந்தை நிறுத்திய ஓராண்டுக்குள் பெரும்பாலோர்க்குப் புண் மீண்டது. அவற்றுள் பல வலியின்றியே மீண்டமையால், வலி தணிவதைக் குணமாகக் கொள்ள இயலாது என்பது அப்போதே தெளிவாயிற்று. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் 1982இல் மார்ஷல், வாரன் என்னும் மருத்துவர்கள் அந்நுண்ணுயிரை வளர்த்துக் காட்டியபின் சிகிச்சையின் இலக்கு அமிலத்திலிருந்து தொற்றுக்கு மாறியது. அறிகுறி இல்லாதோர்க்கும் இதுவே பொருந்தும்: தொற்று உறுதியானால் அமிலச் சுரப்பைத் தடுக்கும் மருந்துடன் பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல் ஆகியன வழக்கமாக 14 நாள் தரப்படுகின்றன; முடித்து நான்கு வாரமேனும் கழித்து, அமிலத் தடுப்பு மருந்தை இரு வாரம் நிறுத்தியபின், யூரியா மூச்சுச் சோதனையாலோ மலச்சோதனையாலோ தொற்று நீங்கியது உறுதிசெய்யப்பட வேண்டும். வலிநீக்கிகளை நிறுத்துதல் நன்று; இதயநோய்க்கான ஆஸ்பிரினையோ மருத்துவரைக் கேளாது நிறுத்தலாகாது. நலமாயிருக்கும் எல்லோர்க்கும் எண்டோஸ்கோப்பி செய்து புண்ணைத் தேடுவது பரிந்துரைக்கப்படுவதில்லை.

ரமலான் மாதம் இங்கு தனிக் கவனம் வேண்டுவது. நாளுக்கு இருவேளை மருந்தை விடியலுக்கு முந்தைய ஸஹர் உணவோடும் நோன்பு திறப்போடும் பொருத்தலாமெனினும், நால்வேளை உட்கொள்ள வேண்டிய பிஸ்மத் முறை பகல் நோன்போடு எளிதில் இயையாது. புண் ஆறாதவர் நோன்பைத் தள்ளிவைக்க இசுலாமிய நெறியே நோயாளிக்குச் சலுகை தருகிறது.