ஹாரியட் டப்மன்: மீட்புப் பயணங்களுக்குப் பிறகு

வீரச் செயல்களால் அறியப்பட்டவர்களின் முதுமையை நாம் பெரும்பாலும் படிப்பதில்லை. செயல் முடிந்ததும் நூலும் முடிந்துவிடுகிறது. எஞ்சிய ஆண்டுகளை அவர்கள் எங்கே கழித்தார்கள், யார் சோறு போட்டார்கள், நோயுற்றபோது யார் அருகிலிருந்தார்கள் என்ற கேள்விகளை வரலாறு தனக்குரியவையாகக் கருதுவதில்லை. ஹாரியட் டப்மனின் வாழ்க்கையும் பெரும்பாலும் அவ்வாறே சொல்லப்பட்டு வந்திருக்கிறது.

அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில் அடிமையாகப் பிறந்து, 1849இல் தப்பி வடக்கே வந்தவர் அவர். அடுத்த பத்தாண்டுகளில் ஏறத்தாழ 13 முறை இரகசியமாகத் திரும்பிச் சென்று 70 பேரளவில் மீட்டு வந்தார். பழைய வரலாற்று நூலில் இந்த எண்ணிக்கை 300 என்றிருந்தது. பிற்கால ஆய்வாளர்கள் ஆவணங்களை ஒப்புநோக்கி அதைக் குறைத்தார்கள். உள்நாட்டுப் போரில் வடக்கின் படைக்குச் செவிலியாகவும் சமையற்காரியாகவும் ஒற்றராகவும் பணியாற்றினார். 1863 ஜூனில் தென் கரோலினாவின் கம்பாஹீ ஆற்றங்கரையில் ஒரே இரவில் எழுநூறுக்கும் மேற்பட்ட அடிமைகள் விடுவிக்கப்பட்ட படையெடுப்புக்கு வழிகாட்டியவர்களுள் அவரும் ஒருவர். பாடநூல்கள் இத்துடன் நின்றுவிடும். போர் முடிந்த 1865க்குப் பிறகு அவர் இன்னும் நாற்பத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்தார் என்பதும், 1913 மார்ச் 10 அன்று ஒரு முதியோர் இல்லத்தின் கட்டிலில், பணமில்லாத கைம்பெண்ணாக இறந்தார் என்பதும் பலர் அறியாதவை. அந்த இல்லம் எவருடைய கருணையாலும் அவருக்குக் கிடைத்ததன்று. அவரே பிறருக்காக நிறுவியது.

நியூயார்க் மாநிலத்தின் ஆபர்ன் நகரையொட்டி அவருக்கு ஒரு சிறு நிலம் இருந்தது. பின்னர் லிங்கனின் அமைச்சரவையில் இடம்பெற்ற வில்லியம் செவார்ட், 1859இல் ஏழு ஏக்கரை 1,200 டாலருக்கு, சிறுகச் சிறுகச் செலுத்தலாம் என்ற ஏற்பாட்டில் அவருக்கு விற்றிருந்தார். தம் முதிய பெற்றோரைக் குடியமர்த்தவே டப்மன் அதை வாங்கினார். ஆனால் போருக்குப் பின் அந்த வீட்டின் கதவு மூடப்படவேயில்லை. கண்ணிழந்தவர்களும் பெற்றோரற்ற குழந்தைகளும் போக்கிடமில்லாத கிழவர்களும் வந்து தங்கினார்கள். காய்கறி பயிரிட்டும் பன்றி வளர்த்தும் வீட்டில் ஆட்களைக் கட்டணத்துக்குத் தங்கவைத்தும் அவர்களைக் காப்பாற்றினார். அது போதாதபோது ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு வாங்கினார். தமக்கென்று கேட்பதற்குக் கூசியவர் பிறருக்கென்று கேட்கக் கூசவில்லை.

அவ்வாறு தங்க வந்தவர்களுள் ஒருவர்தான் நெல்சன் டேவிஸ். செங்கல் அறுக்கும் தொழிலாளி. கறுப்பினப் படைப்பிரிவில் போரிட்டவர். டப்மனைவிட இருபது வயதுக்கும் மேல் இளையவர். 1869இல் இருவரும் மணந்துகொண்டார்கள். 1874இல் கெர்ட்டி என்ற பெண் குழந்தையைத் தத்தெடுத்தார்கள். காசநோயால் நீண்டகாலம் நலிந்திருந்த டேவிஸ் 1888இல் இறந்தார். டப்மனின் கைம்மை அப்போது தொடங்குகிறது.

போர்க்காலப் பணிக்கு உரிய ஊதியம் கேட்டு டப்மன் முப்பது ஆண்டுகளாக விண்ணப்பித்துவந்தார். படைத்தலைவர்கள் கடிதம் எழுதிக் கொடுத்தார்கள், செவார்டும் பரிந்துரைத்தார். அரசு அசையவில்லை. 1890இல் போர்வீரர்களின் கைம்பெண்களுக்கு ஓய்வூதியம் வழங்கும் சட்டம் வந்ததும் அவர் நெல்சன் டேவிஸின் கைம்பெண் என்ற முறையில் மீண்டும் விண்ணப்பித்தார். அதற்கும் ஐந்தாண்டுகள் ஆயின. எழுதப்படிக்கத் தெரியாத அந்த முதியவள், தம் பெயர்கள் எவையெவை, முதல் கணவர் ஜான் டப்மன் எப்போது இறந்தார், இரண்டாம் திருமணம் முறைப்படி நடந்ததா என்றெல்லாம் சத்தியப் பிரமாணம் செய்து, கையெழுத்துக்குப் பதிலாகக் குறியிட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. 1895இல் மாதம் 8 டாலர் அனுமதிக்கப்பட்டது.

எட்டு டாலர், டேவிஸின் கைம்பெண் என்பதற்காக. அவருடைய சொந்தப் பணிக்கு ஏதுமில்லை. ஆதரவாளர்கள் விடவில்லை. 1899இல் நாடாளுமன்றத்தில் வந்த மசோதா 25 டாலர் கேட்டது; செனட் சபை 20 ஆகக் குறைத்தது. செவிலிப் பணியை மனத்திற்கொண்டே தொகை கூட்டப்பட்டது. ஆயினும் சட்டத்தின் வாசகம் அவரை நெல்சன் டேவிஸின் கைம்பெண் என்றே குறிப்பிட்டது. ஒற்றர் என்றோ வழிகாட்டி என்றோ ஒரு சொல் இல்லை. ஒரு பெண் படைக்குச் செய்த ஊழியத்தை ஒப்புக்கொள்வதைவிட, ஒரு படைவீரனின் கைம்பெண் என்று அவளை ஒப்புக்கொள்வது அரசுக்கு எளிதாக இருந்தது என்றே நமக்குத் தோன்றுகிறது.

இந்த வருவாய் வந்த அதே காலத்தில்தான் அவர் பெரிய கடனொன்றில் இறங்கினார். 1896இல் அவருடைய நிலத்தை அடுத்திருந்த 25 ஏக்கர் ஏலத்துக்கு வந்தது. எழுபது வயதைக் கடந்திருந்த டப்மன் ஏலத்தில் கேட்டு, 1,450 டாலருக்கு எடுத்தார். கையில் அவ்வளவு பணம் கிடையாது. ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல் சீயோன் திருச்சபையினர் திரட்டித் தந்ததும், நிலத்தை வங்கியில் அடமானம் வைத்துப் பெற்றதுமாகத் தொகை கட்டப்பட்டது. முதியவர்களுக்கும் ஏழைகளுக்கும் ஓர் இல்லம் அமைப்பதே நோக்கம்.

ஏன் அப்படியொரு இல்லம் வேண்டியிருந்தது என்பதைப் புரிந்துகொள்ள அக்கால வழக்கத்தை அறிய வேண்டும். அன்றைய அமெரிக்காவில் முதியோர் இல்லங்களைப் பெரும்பாலும் திருச்சபைகளும் மாதர் சங்கங்களும் நடத்தின. நற்சான்றுக் கடிதமும் நுழைவுத் தொகையும் கேட்பது வழக்கம். வெள்ளையரின் இல்லங்களில் பல கறுப்பினத்தவரைச் சேர்த்துக்கொள்ளா. எஞ்சியது அரசின் ஏழைவிடுதி. மனம்பேதலித்தவர்களும் நோயாளிகளும் ஒன்றாக அடைக்கப்பட்ட, மானமுள்ளவர்கள் அஞ்சிய இடம். அடிமை வாழ்விலிருந்து வந்த முதியவர்களின் நிலை இதனினும் மோசம். பிள்ளைகள் சந்தையில் விற்கப்பட்டுப் பிரிந்தவர்கள்; வாழ்நாளெல்லாம் கூலியின்றி உழைத்ததால் சேமிப்பு என்ற ஒன்றே இல்லாதவர்கள். முதுமைக்கு வேண்டிய இரண்டும், உறவும் பொருளும், அவர்களிடமிருந்து முன்பே பறிக்கப்பட்டிருந்தன.

அடமானமும் வரியும் டப்மனால் தாங்க முடியாதவையாயின. 1903இல் நிலத்தைத் திருச்சபைக்கே எழுதிக்கொடுத்தார். 1908 ஜூன் 23 அன்று இல்லம் திறக்கப்பட்டது. வளாகத்திலிருந்த செங்கல் கட்டடத்துக்கு, அடிமை முறைக்கெதிராக ஆயுதமேந்தித் தூக்கிலிடப்பட்ட ஜான் பிரௌனின் பெயர் சூட்டப்பட்டது.

ஆனால் திருச்சபை நுழைவுத் தொகையாக நூறு டாலர் விதித்திருந்தது. டப்மன் இதை ஏற்கவில்லை. கையில் காசில்லாதவர்களுக்கு மட்டுமே இடமுண்டு என்றல்லவா விதி செய்ய நினைத்தேன் என்ற பொருள்பட அவர் குறைப்பட்டுக்கொண்டார். நிர்வாகிகள் தரப்பிலும் நியாயமில்லாமலில்லை. கடன் இருந்தது, நிலையான வருமானமில்லை, உள்ளே வந்தவர்களுக்கு நாள்தோறும் உணவும் விறகும் மருந்தும் வேண்டும். நூறு டாலர் என்பது அன்றைய இல்லங்கள் பலவும் கேட்ட தொகைதான். எனினும் டப்மன் சொன்னதன் ஆழம் வேறு. எவருக்காக ஓர் இல்லம் எழுப்பப்பட்டதோ அவர்களையே வாசலில் நிறுத்தும் விதி, அந்த இல்லத்தைக் காப்பாற்றுவதில்லை. வேறோர் இல்லமாக மாற்றிவிடுகிறது. தம் ஓய்வூதியத்தின் ஐந்து மாதத் தொகை அந்த நூறு டாலர் என்பதை அவர் அறிந்திருப்பார்.

டப்மனின் உடல் தளர்ந்துகொண்டிருந்தது. சிறுவயதில் மேற்பார்வையாளன் ஒருவன் வேறோர் அடிமையை நோக்கி வீசிய இரும்பு எடைக்கல் அவர் தலையில் பட்ட காயம் வாழ்நாள் முழுதும் தொடர்ந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே மயக்கம்போன்ற உறக்கம் வந்துவிடும். 1890களின் பிற்பகுதியில் பாஸ்டனில் மண்டையில் அறுவைச் சிகிச்சையும் செய்துகொண்டார். 1911இல், தம் வீட்டில் தனித்திருக்க இயலாத நிலையில், அவர் அந்த இல்லத்தில் சேர்க்கப்பட்டார். நோயுற்றும் காசில்லாமலும் இருக்கிறார் என்று செய்தித்தாள் எழுத, மீண்டும் நன்கொடைகள் வந்தன. ஐம்பதாண்டுக்காலம் பிறருக்காக அந்த வாசலைத் திறந்துவைத்திருந்தவர் அதே வாசல் வழியே உள்ளே வந்தார்.

ஏறத்தாழ ஈராண்டுகள் அங்கே இருந்தார். 1913 மார்ச்சில் நிமோனியா கண்டது. உறவினரும் நண்பரும் போதகர்களும் கட்டிலைச் சூழ்ந்திருக்க, இறுதி வழிபாட்டை அவரே நடத்தினார் என்கிறார்கள். உங்களுக்காக ஓரிடத்தை ஆயத்தம் செய்யப் போகிறேன் என்ற விவிலியக் கருத்தைச் சொல்லி விடைபெற்றதாகவும் பதிவிருக்கிறது. வேறு யார் சொன்னாலும் அது மறுமையைப் பற்றிய சொல். டப்மன் சொல்லும்போது, இம்மையில் அவர் செய்துவந்த வேலையின் விவரமாகவும் நமக்குக் கேட்கிறது.

ஆபர்னின் ஃபோர்ட் ஹில் இடுகாட்டில் இராணுவ மரியாதையுடன் அவரை அடக்கம் செய்தார்கள். 1914இல் நகரத்தார் வெண்கலப் பட்டயம் பதித்தார்கள். 2003இல், குறைத்துக் கொடுக்கப்பட்ட ஓய்வூதியத்துக்கு ஈடாக 11,750 டாலரை அமெரிக்க நாடாளுமன்றம் ஒதுக்கியது. அத்தொகை அவர் நினைவிடத்தின் பராமரிப்புக்குச் சென்றது. 2017இல் அவ்விடம் தேசிய வரலாற்றுப் பூங்கா ஆயிற்று. முதியோர் தங்கிய மரவீடு புதுப்பிக்கப்பட்டு நிற்கிறது. ஜான் பிரௌன் பெயர் தாங்கிய செங்கல் கட்டடம் இடிந்துபோய் அடித்தளம் மட்டுமே எஞ்சியிருக்கிறது.

மீட்புப் பயணங்கள் பத்தாண்டுகள் நடந்தன. இந்த இல்லத்துக்கான உழைப்பு அதைப்போல் நான்கு மடங்கு காலம் நடந்தது. முன்னதில் அவரைத் துரத்தியவர்கள் இருந்தார்கள். ஆகவே கதை இருந்தது. பின்னதில் வரிச்சீட்டும் அடமானப் பத்திரமும் பன்றித் தீவனமும் முதியவர்களின் படுக்கை விரிப்புகளும்தான் இருந்தன. விடுதலையடைந்தவன் முதுமையில் எங்கே போவான் என்ற கேள்விக்கு அன்று அரசிடம் விடையில்லை. எழுதப்படிக்கத் தெரியாத ஒரு கைம்பெண் 25 ஏக்கரை ஏலத்தில் எடுத்து விடை சொல்ல முயன்றார். டப்மனைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த ஆண்டுகளையும் சேர்த்தே எழுத வேண்டும் என்பது நம் விருப்பம்.